விறகுச் செலவு யார் கணக்கில்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சாயப்பட்டறை பாய்லர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் துணிக்காக நம் ஊரில் எவ்வளவு எரிக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இந்த மாதம் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி: சென்னிமலைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வேதியியல் படித்து, திருப்பூர் சாயப்பட்டறை லேபில் வேலைக்குச் சேர்ந்து, கடைசிப் பத்து வருடம், எரிசக்தி எங்கே எவ்வளவு வீணாகிறது என்று கணக்கெடுக்கும் எனர்ஜி ஆடிட் பார்த்தவள். அப்பாவின் நிலத்துக்கு நொய்யல் ஆற்றுத் தண்ணீர், என் சம்பளத்துக்குச் சாயப்பட்டறை. இந்த இரண்டையும் மறந்துவிட்டு என்னால் எழுத முடியாது.

உலகமயமாக்கலால் வளரும் நாடுகளில் எரிசக்திச் செலவு கூடுகிறதா, குறைகிறதா? வகுப்பில் இரண்டுக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள். செமினாரில் எதைச் சொல்வது?
– பொருளாதார மாணவி, பல்லடம்

அம்மிணி, பல்லடத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். திருப்பூருக்குப் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பதில் கண்ணுக்கே தெரியும்.

எழுபதுகளின் கடைசி வரைக்கும் திருப்பூர் என்றால் உள்நாட்டுக்கான வெள்ளை பனியன். இத்தாலியிலிருந்து வியாபாரிகள் வந்து முதலில் ஆர்டர் கொடுத்ததும் வெள்ளை டி-சர்ட்டுக்குத்தான். எண்பதுகளில் ஐரோப்பியக் கடைகள் கலர் கேட்க ஆரம்பித்தன. வெள்ளைக்குச் சலவைப் பட்டறை போதும். கலருக்கு அறுபது டிகிரியில் சாயம் போட வேண்டும், தொண்ணூறுக்கு மேல் சோப்புப் போட்டு அலச வேண்டும், அதற்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு விறகு வேண்டும். 1985-இல் ஊரின் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 2005 ஜனவரியில் உலக ஜவுளி வர்த்தகத்தில், எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருந்த கோட்டா முறை ஒழிந்தது. 2024-25-இல் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி. ரூபாயின் மதிப்பு இறங்கியதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எத்தனை மடங்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அவ்வளவு துணியும் சுடுதண்ணீரில் வெந்துதான் போனது.

இப்போது மறுபக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வின்ச் மெஷின்கள்தான். திறந்த தொட்டி, மேலே உருளை, துணி சுற்றிச் சுற்றி வரும், ஆவி கூரை வரைக்கும் அடிக்கும். ஒரு கிலோ துணிக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். பிறகு மூடிய சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் வந்தன. துணியின் எடையைப் போல ஆறு மடங்கு தண்ணீரிலேயே சாயம் போட்டுவிடலாம். அலசல் எல்லாம் சேர்த்து 50 லிட்டருக்குள் முடித்துவிடலாம். சூடாக்க வேண்டிய தண்ணீர் பாதியானால் விறகும் ஏறக்குறைய பாதியாகும். அந்த மெஷின்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். உலகச் சந்தையோடு ஊர் சேர்ந்திருக்காவிட்டால் அவற்றை வாங்கப் பணமும் வந்திருக்காது, போட்டியும் வந்திருக்காது.

ஆக, கிலோவுக்குக் குறைந்தது, ஊர் மொத்தத்துக்குக் கூடியது. உங்கள் ஆசிரியர் காட்டும் இரண்டு ஆதாரங்களும் அநேகமாக இப்படித்தான் பிரியும். "குறைந்தது" என்று யார் சொன்னாலும், கிலோவுக்கா மொத்தத்துக்கா என்று கேளுங்கள். செமினாருக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனி வேலைக்கென்று மதுரை, தேனியிலிருந்தும், பின்னாளில் ஒடிசா, பிகாரிலிருந்தும் வந்தவர்கள் வீட்டில் இன்று ஃபேன் ஓடுகிறது, சிலர் வீட்டில் ஃபிரிட்ஜும் இருக்கிறது. அதுவும் எரிசக்திச் செலவில்தான் சேரும். ஆனால் அதைக் குற்றமாக எழுதாதீர்கள். இந்தியாவில் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட்தான் மின்சாரம். அமெரிக்காவில் 12,000-க்கும் மேல். ஓவர்லாக் மெஷினில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும் பெண் வீட்டில் ஒரு ஃபேன் சுற்றுவதை நான் எந்தக் காலத்திலும் குறை சொல்ல மாட்டேன்.

நொய்யலில் சாயத்தண்ணீர் விடுவது நின்றுவிட்டது என்கிறார்கள். அப்படியானால் பாய்லரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?
– விவசாயி, சென்னிமலை

அண்ணா, நீங்கள் எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரத்துப்பாளையம் அணையை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்காகக் கட்டினார்கள். அப்பா என்னைச் சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டினார். "இனி ரெண்டு போகம் மஞ்சள்" என்றார். மஞ்சளில் ரெண்டு போகம் கிடையாது, சந்தோஷத்தில் சொன்னார். நாலைந்து வருடத்திலேயே அணையில் நின்றது திருப்பூர்ச் சாயத்தண்ணீர். மேலே நுரை, கரையில் உப்புப் பொரிந்து வெள்ளையாக ஒரு கோடு. பாசனத்துக்குக் காத்திருந்த விவசாயிகளே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அணைத் தண்ணீர் கசிந்து எங்கள் கிணற்றுக்கும் வந்தது. முதலில் போனது வெற்றிலைக்கொடி. அப்புறம் மஞ்சள் இலை ஓரத்தில் கருகியது. தென்னையில் குரும்பை உதிர்ந்தது.

உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்ந்த கலருக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக்கிலோ உப்பு போகும். துணியில் அது ஒட்டாது, அப்படியே தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தைச் சுத்திகரிப்பில் எடுத்துவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்க முடியாது. தண்ணீர் தெளிந்திருக்கிறது என்று அதிகாரிகள் பாட்டிலைத் தூக்கிக் காட்டிய காலத்திலும் அதில் உப்பு இருந்தது. அதை லேபில் தினமும் அளந்தவள் நான்.

2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்கு வரக்கூடாது என்று உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. கரன்ட்டைத் துண்டித்தார்கள். வேலை இல்லாமல் ஊர் கிடந்த கிடப்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் அந்த உத்தரவு சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இப்போது, பல பட்டறைகளின் கழிவும் சேர்ந்து வரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கழிவு முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகும். அப்புறம் வடிகட்டி. அப்புறம் ஆர்ஓ. நம் வீட்டு ஆர்ஓ மாதிரிதான், கட்டடம் அளவுக்குப் பெரியது. அதில் நல்ல தண்ணீர் பிரிந்து பட்டறைக்கே திரும்பிப் போகும். கடைசியில் கெட்டியான உப்புத்தண்ணீர் கொஞ்சம் மிஞ்சும். அதை ஆற்றில் விட முடியாது, காய்ச்சி ஆவியாக்கித்தான் தீர்க்க வேண்டும். விறகு தின்பது இந்தக் கட்டம்தான்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கச் சுமார் 600 கிலோ கலோரி வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 3,500 கிலோ கலோரி போல இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே போய்விடும். ஒரே கலத்தில் காய்ச்சினால் கிலோ விறகுக்கு மூன்று, நான்கு லிட்டர்தான் வற்றும். நான்கு கலன்களை வரிசையாக வைத்து, முதல் கலத்தின் ஆவியே அடுத்த கலத்தைச் சூடாக்கும்படி அமைத்தால் பத்து லிட்டர் வரை வற்றும். கிலோ துணிக்கு 50 லிட்டர் கழிவு, அதில் பத்தில் ஒரு பங்கைக் காய்ச்ச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கிலோ விறகு. கிலோ துணியில் ஐந்து டி-சர்ட் தைக்கலாம். ஒரு சட்டைக்கு நூறு கிராம் விறகு, ஆறு கெடாமல் இருப்பதற்கு மட்டும். சாயம் போடுவதற்கும் துணி காயவைப்பதற்கும் எரிவது தனி. நாளொன்றுக்குப் பத்தாயிரம் கிலோ துணிக்குச் சாயம் என்றால், இந்தக் காய்ச்சலுக்கே ஐந்து டன்.

விடியற்காலையில் அந்தப் பக்கம் போனால் விறகு லாரிகள் எடைமேடையில் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலம் கட்டை வரும். அதை வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அதே லாரியில் மாங்கட்டையும் புளியங்கட்டையும் வரும்போது மனசு கேட்காது. ஒரு தடவை சுமை இறக்கிக்கொண்டிருந்த கட்டையைக் கையால் தடவிப் பார்த்தேன். என் இரண்டு கைக்கும் அடங்காத புளி. யாரோ தாத்தா நட்டது. பாய்லர் வாசலில் அதைப் பிளந்து போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

காய்ச்சி முடித்தபின் உப்பில் ஒரு பகுதியைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள், நல்ல விஷயம். மிச்சம் கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. சேற்றில் கொஞ்சம் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது.

அதனால்தான் அண்ணா, பாய்லரைப் பற்றிப் பேசுகிறேன். ஆற்றைக் காப்பாற்ற நெருப்பைக் கூட்டினோம். காப்பாற்றியது சரி. ஆனால் அந்த விறகுக்கும், ஆர்ஓ மோட்டார் இழுக்கும் மின்சாரத்துக்கும் காசு கொடுப்பது யார்? ஒரு பீஸுக்கு வாங்குபவர் தரும் விலையில் அதற்கென்று தனியாக ஒரு பைசா ஏறி நான் பார்த்ததில்லை. "பக்கத்து நாட்டில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்கள்" என்பதுதான் அவர்கள் பதில். கடைசியில் அந்தச் செலவு சம்பளத்தில் கை வைக்கிறது. அல்லது ராத்திரியில் திருட்டுத்தனமாக வால்வைத் திறக்கச் சொல்கிறது. மழை நாளில் நொய்யலில் நுரை வந்தால் நீங்களும் நானும் என்ன நினைப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை.

உலகமயமாக்கலால் சுற்றுச்சூழலுக்கு ஒரு நன்மைகூட இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்

இருக்கிறது ஐயா. உங்கள் தலைக்கு மேலே எரியும் எல்இடி பல்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 தொடக்கத்தில் மத்திய அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பு 310 ரூபாய். 2016-இல் அதே நிறுவனத்துக்கு 38 ரூபாய்க்குக் கிடைத்தது. உலகம் முழுக்க எல்இடி சில்லுத் தொழிற்சாலைகள் பெருகியதும், இங்கே கோடிக்கணக்கில் ஒரே ஆர்டராகக் கொடுத்ததும் சேர்ந்து இறக்கிய விலை அது. அந்தத் திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயின. சோலார் தகடும் இதே வழியில்தான் மலிந்தது.

நான் இங்கே வாங்கும் டி-சர்ட்டில் 'இந்தியத் தயாரிப்பு' என்று இருக்கிறது. அதைச் செய்யும்போது எழுந்த புகை யார் கணக்கில் ஏறும்? இங்கிலாந்து கணக்கிலா, இந்தியா கணக்கிலா?
– வாசகர், குரோய்டன், லண்டன்

இந்தியா கணக்கில். ஐ.நா.வுக்கு நாடுகள் கொடுக்கும் கணக்கில் எங்கே எரிந்ததோ அந்த நாட்டின் பேரில்தான் எழுதுவார்கள். சட்டையைப் போட்டுக்கொள்வது யார் என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சீனா உலகத்துக்கே தொழிற்சாலையாக மாறிய வேகத்தில், 2005-இல் அதன் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றுமதிப் பொருள்களுக்காக வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஐரோப்பாவில் பல நாடுகள் தங்கள் புகையைக் குறைத்துவிட்டதாகச் சொல்லும்போது அதில் ஒரு பகுதி உண்மையான குறைப்பு. இன்னொரு பகுதி, அடுப்பை வேறு நாட்டுக்கு மாற்றியது.

கப்பல் இன்னும் மோசம். உங்கள் சட்டை தூத்துக்குடியில் கன்டெய்னரில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல் வழியாக வரும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதல், அத்தனை நாளுக்கும் எண்ணெய். நாடு விட்டு நாடு போகும் கப்பலும் விமானமும் எரிக்கும் எண்ணெயை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, தனியாக ஒரு குறிப்பாக எழுதி வைப்பார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். நான் ஆடிட் போன ஒரு கம்பெனியில் பகலெல்லாம் ஜெனரேட்டர்தான். டீசல் கட்டுப்படியாகாமல் துணி பின்னும் நிட்டிங்கைக் குறைத்தார்கள், ஷிப்மென்ட் ஒன்பது நாள் தள்ளிப்போனது. கப்பலுக்குக் காத்திருக்க முடியாது, விமானத்தில் அனுப்பு என்று சட்டையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. செலவு கம்பெனி தலையில். குழந்தைகளுக்கான கோடைச் சட்டைகள் அவை, மஞ்சள் கலரில் வாத்துப் படம் போட்டது. கப்பலில் போவதைவிடப் பல மடங்கு எண்ணெய் எரித்து அவை ஐரோப்பாவுக்குப் பறந்தன. முதலாளி அந்த மாதம் இரண்டு நிட்டிங் மெஷினை விற்றார். கரன்ட் இல்லாத ஊர், கூடுதலாக எரித்துத் தாமதத்துக்கு அபராதம் கட்டியது.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பெரிய பிராண்டுகளின் கார்பன் அறிக்கைகளில் விறகு எரித்த புகையை மொத்தத்தில் சேர்க்காமல், உயிர்ப்பொருள் எரிபொருள் என்று தனியே காட்டுவார்கள். மரம் மறுபடி வளரும் என்பது வாதம். சீமைக்கருவேலத்துக்கு அது பொருந்தும். நான் கைவைத்துப் பார்த்த அந்தப் புளியமரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். கடையில் கேட்க முடிந்தால், சாயம் எங்கே போட்டது, எந்த எரிபொருளில் போட்டது என்று கேளுங்கள். தைத்த ஊரின் பேர் உடனே சொல்வார்கள். சாயம் போட்ட இடத்தைச் சொல்லத் தடுமாறுவார்கள். எரிபொருளின் பெரும்பகுதி போவது அங்கேதான்.

எங்கள் ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காற்றாலை. இந்தக் கரன்ட்டெல்லாம் யாருக்குப் போகிறது? எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறினபாடில்லை.
– இல்லத்தரசி, உடுமலை

அக்கா, நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரில். வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரைக்கும் அங்கே அடிக்கிற காற்றுக்கு உலகச் சந்தையில் மதிப்பு இருக்கிறது. தொண்ணூறுகளில் டென்மார்க் தொழில்நுட்பம் வந்தது. முதல் வருடத்திலேயே காற்றாலை விலையின் பெரும்பகுதியைத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய அரசு வழிவிட்டது. ஏற்றுமதியில் சம்பாதித்தவர்களும் நூற்பாலைக்காரர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. உங்கள் ஊரில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியக் கம்பியில் ஏற்றி, திருப்பூரிலோ கோவையிலோ இருக்கும் மில்லின் பில்லில் கழித்துக்கொள்வார்கள். உங்கள் தெரு வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் விவகாரம், அதற்கு வாரியத்தில் மனுக் கொடுத்து விடாமல் கேட்க வேண்டும்.

காற்றாலை என்றால் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. வரிக்காகவே வாங்கியிருந்தாலும் அத்தனை யூனிட் நிலக்கரி எரியாமல் தப்பித்ததே. இந்திய மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாக இன்னும் நிலக்கரிதான். ஆனால் நூற்பு, நிட்டிங், தையல் ஆகியவைதான் மோட்டாரில் ஓடுகின்றன. சாயப்பட்டறைக்கு வேண்டியது ஆவி. நான் பார்த்தவரை காற்றாலைக் கரன்ட்டில் யாரும் பாய்லர் ஓட்டுவதில்லை, விலை கட்டாது. அதனால் 'முழுக்கக் காற்றாலை மின்சாரத்தில் தயாரானது' என்று அட்டை மாட்டிய சட்டையிலும் விறகு இருக்கும்.

ஐரோப்பாவின் கார்பன் வரி பனியனுக்கும் வருமா? எங்களிடம் இருப்பது எட்டு மெஷின். இப்போதே படிவம் படிவமாகக் கேட்கிறார்கள்.
– ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர், திருப்பூர்

எல்லையில் வசூலிக்கும் அந்த வரி 2026 ஜனவரியிலிருந்து இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். ஜவுளி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஜவுளி உள்படப் பல பொருள்களுக்கு, எங்கே எப்படிச் செய்யப்பட்டது என்பது போன்ற விவரத்தை டிஜிட்டலாகக் கேட்க வழிசெய்யும் சட்டம் ஐரோப்பாவில் 2024-இலேயே வந்துவிட்டது, ஜவுளிக்கான விதிமுறைகள் தயாராகின்றன. அதனால் படிவம் குறையாது தம்பி, கூடும்.

நான் சொல்வது இதுதான். படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பாதீர்கள். கரன்ட் யூனிட்டும் டீசலும் பீஸுக்கு எவ்வளவு என்று எழுதிய அதே தாளில், அதற்கு எத்தனை ரூபாய் ஆனது என்றும் எழுதி, விலை பேசும்போது மேஜை மேல் வையுங்கள். எட்டு மெஷின் யூனிட் தனியாகச் சொன்னால் எடுபடாது. சங்கமாகச் சேர்ந்து சொல்லுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது நம் ஊர் எப்படித் தவித்தது என்று எல்லோருக்கும் தெரியும். விலையைச் சேர்ந்து பேசும் பழக்கம் இல்லாவிட்டால் அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் காணாமல் போவது சின்ன யூனிட்தான்.

நான் டாக்காவில் ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இங்கே ஆவிக்கு எரிவாயு. திருப்பூரைவிட இது சுத்தம்தானே?
– வாசகர், டாக்கா

புகையைப் பார்த்தால் சுத்தம், உண்மை. ஆனால் வங்கதேசத்தின் சொந்த எரிவாயு குறைந்துகொண்டே வந்து, 2018-இலிருந்து கப்பலில் திரவ எரிவாயு இறக்குமதி செய்கிறார்கள். 2022-இல் உக்ரைன் போரால் விலை எகிறி, ஐரோப்பா இருக்கிற சரக்கையெல்லாம் அள்ளியதும், நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அன்றன்றைய விலைக்கு விற்கும் உடனடிச் சந்தையில் வாங்குவதையே வங்கதேசம் நிறுத்தியது. நாடு முழுக்க மின்வெட்டு. அக்டோபர் 4-ஆம் தேதி நாட்டின் பெரும்பகுதி இருண்டது. அன்று உங்கள் ஃபேக்டரியில் ஜெனரேட்டர் ஓடியிருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவுக்கு உடுப்புத் தைக்கும் நாடு, அந்த ஐரோப்பாவோடு போட்டி போட்டு எரிவாயு வாங்க முடியாமல் நின்றது. புரிகங்கைக் கரையையும் துராக் கரையையும் பற்றி நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். சாயம் நொய்யலில் என்ன செய்ததோ அதைத்தான் அங்கும் செய்கிறது என்று அறிவேன்.

நான் ஒரு சாயப்பட்டறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். முதலாளி புதிதாக எதுவும் வாங்க மாட்டார். இருக்கிறதை வைத்து விறகு குறைக்க முடியுமா?
– வாசகர், வீரபாண்டி, திருப்பூர்

முடியும் கண்ணு. இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது.

முதலில் ஸ்டீம் டிராப்களைப் பார். மெஷினுக்குக் கீழே, ஆவி குளிர்ந்து தண்ணீராகும் இடத்தில் இருக்கும் சின்ன இரும்புக் குமிழ் அது. தண்ணீரை மட்டும் வெளியே விட்டு ஆவியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கெட்டுப்போனால் ஆவியும் சேர்ந்து ஓடும். நீளமான ஸ்க்ரூடிரைவரை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேள். விட்டுவிட்டு 'டக் டக்' என்றால் நன்றாக இருக்கிறது. நிற்காமல் 'உஸ்ஸ்' என்று இருந்தால் உன் விறகு அது வழியாகப் போகிறது. நான் ஒரு பட்டறையில் இப்படி 22 டிராப்களைக் கேட்டேன், ஒன்பது 'உஸ்ஸ்' என்றன. கையில் தடித்த உறை இல்லாமல் கிட்டே போகாதே.

அப்புறம், டிராப்பிலிருந்து வரும் சுடுதண்ணீர் எங்கே போகிறது என்று பைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து பார். சாக்கடைக்குப் போகிறதென்றால் அதைப் பாய்லர் தொட்டிக்குத் திருப்பச் சொல். எண்பது டிகிரித் தண்ணீர் அது. பாய்லருக்குப் போகும் தண்ணீரில் ஒவ்வொரு ஆறு டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு விறகு மிஞ்சும். பைப்புக்கும் ஃபிட்டருக்கும் ஆகும் செலவை ஒரு சில மாத விறகில் எடுத்துவிடலாம். முதலாளியிடம் இதைச் சொல்லிவிட்டுப் பார், மறுக்க மாட்டார்.

மூன்றாவது, ஈர விறகு. கட்டை ஈரமாக இருந்தால் நெருப்பு முதலில் அந்த ஈரத்தைக் காய்ச்சுகிறது, அப்புறம்தான் உன் பாய்லருக்கு வருகிறது. எடைமேடையில் ஈரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். கூரை போட்ட இடத்தில் மூன்று வாரம் அடுக்கி வைத்து, பழையதை முதலில் எடுக்கச் சொல். கட்டையைப் பிளந்து போட்டால் இன்னும் நல்லது.

வெளிர் நிறங்களுக்கு உப்பே இல்லாமல் குளிர்ந்த முறையில் சாயம் ஏற்றி, சுருட்டி, ராத்திரி முழுக்கச் சுழலவிடும் முறையும் இருக்கிறது. அதற்கு மெஷின் வாங்க வேண்டும் என்பதால் உன் முதலாளிக்கு இப்போது வேண்டாம்.

ஒரு நோட்டு வாங்கு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்றே மூன்று எண்: எத்தனை கிலோ துணி, எத்தனை கிலோ விறகு, எத்தனை லிட்டர் தண்ணீர். டிராப்களைச் சரிசெய்வதற்கு முன் பதினைந்து நாள், பின் பதினைந்து நாள். அதைப் படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வை. கம்பெனி பேர் போட மாட்டேன். உன் பட்டறையில் ஒரு சட்டைக்கு எத்தனை கிராம் விறகு ஆகிறது என்று இருவருமாகக் கணக்குப் போட்டு, அதற்கடுத்த இதழில் இதே பக்கத்தில் அச்சிடுவோம்.